அந்திக் கடலில் பேடில் போர்டு: ஏறும் முன் கேளுங்கள், தவறு நடந்தால் விடாதீர்கள்

கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி, ராமநாதபுரம் மாவட்டத்துப் பிரப்பன்வலசை எனக் கரையோர ஊர்களில் பேடில் போர்டிங் வேகமாகப் பரவி வருகிறது. அகலமான மிதவைப் பலகையின் மீது நின்றுகொண்டு, ஆள் உயரத்தைவிட ஒரு சாண் நீளமான துடுப்பால் வலித்துப் போகும் விளையாட்டு இது. சர்ஃபிங்கைப் போல அலைக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் மண்டியிட்டுத் துடுப்பு போட்டு, உடல் பழகியதும் எழுந்து நிற்கலாம். அமைதியான நீரில் பெரும்பாலோர் முதல் நாளிலேயே நின்றுவிடுகிறார்கள். மாலைச் சூரியன் இறங்கும் வேளையில், சுற்றிலும் நீர் மட்டுமே இருக்க, சத்தமில்லாமல் மிதந்து போவது உண்மையிலேயே அருமையான அனுபவம். வாய்ப்பிருப்பவர்கள் அனுபவிக்க வேண்டும் என்றே சொல்வேன்.

ஆனால் பலகையில் நிற்கக் கற்பது வேறு, கடலைப் படிக்கக் கற்பது வேறு. முதலாவது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். இரண்டாவதற்கு ஆண்டுகள் ஆகும். காற்று எப்போது திரும்பும், நீரோட்டம் எங்கே இழுக்கும், இன்றைக்கு இறங்கலாமா கூடாதா என்பது புதியவருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. அந்தத் தெளிவுக்காகத்தான் வழிகாட்டியோடு போகிறோம். நாம் கட்டும் பணத்தில் பலகையின் வாடகை சிறு பங்குதான். பெரும்பங்கு அவர் ஏற்கும் பொறுப்புக்கு உரியது. உங்கள் உரிமைகள் எல்லாம் இந்த ஒரு புள்ளியிலிருந்து தொடங்குகின்றன.

மாலையில் மட்டும் வரும் ஆபத்துகள்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் சூரியன் நிலத்தின் பக்கம் மறைகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்குள் போய், கரையை நோக்கித் திரும்ப வேண்டும். திரும்பி வரும் வழியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோடைக்காலப் பிற்பகலில் சென்னைப் பக்கம் பெரும்பாலும் கடல்காற்று வீசும். அது அலையைக் கிளப்பினாலும் ஆளைக் கரைக்கே தள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சில நாட்களில் கடல்காற்று தாமதமாக வரும், அல்லது வராமலே போகும். அப்போது நிலத்திலிருந்து கடல் நோக்கி அடிக்கும் மேல்காற்றே நீடிக்கும். இந்தக் காற்றில் கரையோர நீர் தட்டையாக, பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரியும். ஏமாற்றுவது அந்தத் தோற்றம்தான். பலகையில் நிற்பவரின் உடலே பாய்மரம் போல வேலை செய்யும். வலிக்காமலே ஆழத்துக்குப் போய்விடுவார். திரும்பும்போதுதான், எவ்வளவு வலித்தாலும் கரை நெருங்கவில்லை என்று தெரியும். காற்று மணிக்கு 18 கிலோமீட்டரை எட்டும்போது கடலில் ஆங்காங்கே வெள்ளை நுரைத் தலைகள் தெரியத் தொடங்கும். அந்த நிலையில் புதியவர் கடலில் இருக்கக் கூடாது.

அடுத்தது இருட்டு. நம் பகுதியில் அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்து ஏறக்குறைய 20 முதல் 25 நிமிடங்களில், தண்ணீரில் கிடக்கும் ஒரு தலையை அடையாளம் காண முடியாத அளவுக்கு வெளிச்சம் குறைந்துவிடும். மறைந்த பிறகு திரும்பத் தொடங்கும் பயணத்தில் யாராவது பின்தங்கினால் தேடுவது கடினம். மாலையில் ஃபைபர் படகுகள் வலை விடப் புறப்படும் வேளையும் அதுவே. படகோட்டியின் கண்ணுக்கு இருட்டில் பலகையும் தெரியாது, ஆளும் தெரியாது. எனவே நல்ல வழிகாட்டி சூரியன் மறைவதைக் கரைக்கு மிக அருகிலேயே காட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரையும் கரையேற்றிவிடுவார். ஒவ்வொருவரின் உடையிலும் சிறு விளக்கும் விசிலும் இருக்கும்.

அமைதியாகத் தெரியும் நாளும் ஆபத்தாகலாம்

2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். எங்கோ தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களால் உருவாகி, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரென வந்து மோதும் பேரலைகளைக் கேரளக் கரையில் ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். அந்த நாட்களில் அப்படிப்பட்ட அலைகளுக்கான எச்சரிக்கை ஏற்கெனவே விடுக்கப்பட்டிருந்தது.

ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், நீரோட்டம், கள்ளக்கடல் பற்றிய முன்னறிவிப்புகளைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் தருகிறது. வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையைத் தினமும் வெளியிடுகிறது. மீனவரைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் நாளில் சுற்றுலாப் பயணியைக் கடலில் இறக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. இரண்டையும் நீங்களே கைபேசியில் பார்த்துவிட்டுப் போங்கள்.

கயிறு, கவசம், விளக்கம்

பலகையின் பின்பகுதியிலிருந்து வரும் கயிற்றை ‘லீஷ்’ என்பார்கள். கணுக்காலிலோ முழங்காலுக்குக் கீழோ ஒட்டுப்பட்டையால் கட்டுவார்கள். கடலில் உங்களைத் தாங்கக்கூடிய மிகப் பெரிய மிதவை அந்தப் பலகைதான். விழும்போது அது காற்றில் அடித்துப் போகாமல் பிடித்து வைப்பது இந்தக் கயிறு. ஏறும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். பட்டையைப் பிரித்து ஒட்டி இழுத்தால் விடாமல் பிடிக்க வேண்டும். மணல் ஏறித் தேய்ந்த பட்டை வழுக்கிக்கொண்டு வரும். கயிறு பலகையோடு சேரும் முடிச்சில் நூல் பிரிந்திருந்தால் வேறு பலகை கேளுங்கள்.

முகத்துவாரம், ஆறு, மூங்கில் அல்லது வலை நட்டிருக்கும் காயல் போன்ற ஓடும் நீரில் கணுக்கால் கயிறு ஆபத்தாகிவிடும். கயிறு எதிலாவது சிக்கினால், நீரின் விசைக்கு எதிராகக் குனிந்து காலைத் தொட முடியாது. அங்கே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய வகைதான் வேண்டும். 2021 அக்டோபர் 30 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊரின் ஆற்றில் வழிகாட்டியோடு சென்ற குழு ஒன்று வெள்ளம் பாய்ந்த தடுப்பணையில் சிக்கியது. நான்கு பேர் இறந்தார்கள். அணை இருப்பதையும் அதன் ஆபத்தையும் புறப்படும் முன் முறையாக விளக்காததும், வழிகாட்டிக்குப் போதிய தகுதி இல்லாததும், கயிற்றின் வகை பொருந்தாததும் விசாரணையில் வெளிவந்தன. பயணத்தை நடத்தியவருக்கு 2025-ல் பத்தரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

லைஃப் ஜாக்கெட் எல்லாம் ஒன்றல்ல. உள்ளே குறிக்கப்பட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 50 நியூட்டன் என்பது நீச்சல் தெரிந்தவருக்கான மிதவை உதவி. மயங்கியவரின் முகத்தை மேல் நோக்கித் திருப்பாது. நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டனோ அதற்கு மேலோ உள்ளதைக் கேளுங்கள். கொக்கிகளை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறி வந்தால் அளவு பெரிது என்று பொருள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. சுற்றுலாத் துறையில் சாகச விளையாட்டு நடத்துவோராகப் பதிவு செய்திருக்கிறீர்களா? சான்றைக் காட்ட முடியுமா?
2. கூட வரும் வழிகாட்டிக்கு உயிர்காப்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் உண்டா? கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் போன்ற இடங்களில் பெற்ற சான்றிதழ் செல்லுபடியில் இருக்கிறதா?
3. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? அவரே படம் எடுப்பவராகவும் இருக்கிறாரா?
4. யாராவது சிக்கினால் உடனே வரக்கூடிய படகு தயாராக இருக்கிறதா? கரையில் நின்று எண்ணிப் பார்ப்பவர் யார்?
5. வானிலை சரியில்லாமல் ரத்தானால் பணம் திரும்புமா? விபத்துக் காப்பீடு உண்டா? எழுத்தில் தருவீர்களா?

அவர்களும் உங்களைக் கேட்க வேண்டும்: நீச்சல் தெரியுமா, இதயநோயோ வலிப்போ உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, மது அருந்தினீர்களா என்று. இவற்றில் எதையும் கேட்காமல் கையில் துடுப்பைக் கொடுப்பவரிடமிருந்து விலகி வருவதே நல்லது. நீங்களும் உண்மையை மறைக்காதீர்கள். கரையில் நின்றபோதே பயம் வந்தால், நண்பர்கள் கேலி செய்வார்களே என்று இறங்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை கடைசி நொடி வரை உங்களுடையது.

கையெழுத்துப் போட்டால் எல்லாம் போய்விடுமா?

‘எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. கடலுக்கே உரிய ஆபத்தை அறிந்து வருகிறேன் என்று ஒப்புக்கொள்வது நியாயம்தான். ஆனால் நடத்துபவரின் அலட்சியத்துக்கு அந்தத் தாள் மன்னிப்புச் சீட்டு ஆகாது. 18 வயது நிறையாதவர் போடும் கையெழுத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. கையெழுத்திட்டால் அதன் நகலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவனக் கடமை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு தீர்ப்பு உண்டு. கேரளத்துக் கோவளத்தில், மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டலில் 2006-ல் விருந்தினர் ஒருவர் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். அங்கே இருந்த உயிர்காவலருக்கு மதுக்கூடத்தில் பரிமாறும் வேலையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் குடும்பத்துக்கு ரூ.62.5 லட்சம் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காவல் காக்க வேண்டியவருக்கு வேறு வேலை கொடுத்ததே கடமை தவறியது என்பது இந்தத் தீர்ப்பின் சாரம். கேள்விப் பட்டியலில் படம் எடுப்பவரைப் பற்றிக் கேட்கச் சொன்னது இதனால்தான்.

கடலில் சிக்கினால்

பலகையை விட்டு நீந்தாதீர்கள். கரை பக்கத்தில் தெரிந்தாலும் நீந்திப் போகலாம் என்ற எண்ணம் வேண்டாம். காற்று எதிர்த்தால் மண்டியிடுங்கள். அப்போதும் முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கைகளால் வலியுங்கள். உடல் தாழ்ந்தால் காற்றின் பிடியும் தளரும். கரையோர நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்க்காமல், கரைக்கு இணையாக நகர்ந்து விலகுங்கள். தூண்டில் வளைவுக் கற்களை நெருங்காதீர்கள். விசில் ஊதுங்கள், துடுப்பைத் தலைக்கு மேல் ஆட்டுங்கள்.

கரையில் இருப்பவர்கள் 112 அல்லது 108-ஐ அழையுங்கள். இந்தியக் கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554; கடலோரக் காவல் குழும எண் 1093. மூழ்கி மீட்கப்பட்டவர் மூச்சின்றிக் கிடந்தால், பயிற்சி உள்ளவர் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துவிட்டு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வது தவறு. எழுந்து பேசினாலும், தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும்.

தவறு நடந்தால் எங்கே போவது?

முதலில் ஆதாரம். பில், விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பிய்ந்த கயிற்றின் படம், உடன் வந்தவர்களின் தொடர்பு எண்கள், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) நகல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். பணம் திரும்பாதது போன்ற சிக்கல்கள் பல நேரங்களில் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நிகழ்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் செலுத்திய கட்டணம், கேட்கும் இழப்பீடு அல்ல. கட்டணம் சில ஆயிரமாக இருந்தாலும் பெரிய இழப்பீட்டை மாவட்ட ஆணையத்திலேயே கோரலாம், ரூ.5 லட்சம் வரையிலான கட்டணத்துக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. பரிசாக வேறொருவர் பணம் கட்டியிருந்தாலும் சேவையைப் பெற்ற நீங்கள் நுகர்வோர்தான்.

காயமோ மரணமோ ஏற்பட்டால் காவல் நிலையம். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன்படி 5 ஆண்டு வரையும், உயிருக்கு ஆபத்தான செயலால் கொடுங்காயம் ஏற்பட்டால் 125-ன்படி 3 ஆண்டு வரையும் சிறை உண்டு. சம்பவம் எங்கள் எல்லையில் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதியச் செய்யலாம். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ இல்லாமல் திரும்பாதீர்கள்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று விட்டுவிடும் சம்பவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றில் அடித்துப் போய் மீனவர் படகில் ஏறித் தப்பியவர்கள், தைத்த இடம் பிய்ந்த லைஃப் ஜாக்கெட்டோடு கரையேறியவர்கள் பெரும்பாலும் புகார் தருவதில்லை. அதே பலகையும் அதே கயிறும் மறுநாள் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கப்படுகின்றன. மாவட்டச் சுற்றுலா அலுவலருக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதம், 1915-க்கு ஓர் அழைப்பு, இவ்வளவு போதும் ஒரு விசாரணையைத் தொடங்க. பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலையும் அன்றைய அலை எச்சரிக்கையையும் ஒவ்வொரு கடற்கரை நுழைவாயிலிலும் தமிழில் பலகையாக வைக்கும்படி உள்ளாட்சியிடம் கேளுங்கள். ஒழுங்காக நடத்தும் பயிற்சியாளர்கள் இதை வரவேற்பார்கள். மலிவு விலையில் அலட்சியத்தை விற்பவர்களோடு போட்டியிடும் நிலை அவர்களுக்கும் மாறும். இந்த விளையாட்டு நம் கரையில் நிலைத்து வளர வேண்டுமானால், தப்பிப் பிழைத்தவர்கள் புகாரை எழுதித்தான் ஆக வேண்டும்.