தண்ணீர் ஊற்ற மறந்தால் தக்காளிச் செடி சத்தம் போடும்... தெரியுமா?

ராஜபாளையம் என்றதும் நாய் ஞாபகம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா! ஆனால் இந்த இரண்டு ஊர் மொட்டை மாடிகளிலும் பைக்குள் சாதுவாக நிற்கிறதே தக்காளிச் செடி, அது செய்கிற வேலையெல்லாம் தெரியுமா?

முதலில் அந்தச் சத்தம்! இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளிச் செடி பக்கத்தில் மைக் வைத்துப் பதிவே செய்துவிட்டார்கள். அந்த ஆய்வு 2023-ல் 'செல்' என்ற ஆய்விதழில் வெளியானது. வயிறாரத் தண்ணீர் குடித்த செடி மணிக்கு ஒரு சத்தம்கூடப் போடவில்லை. காய்ந்துபோன செடி? மணிக்கு 30 முதல் 50 தடவை! வாணலியில் சோளம் பொரிகிற மாதிரி 'டப் டப்' என்று! தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்களில் காற்றுக் குமிழி வெடிப்பதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் நமக்கு ஏன் கேட்கவில்லை? நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். செடியின் சத்தமோ 40-லிருந்து 80 வரை! எலிக்கும் வௌவாலுக்கும் கேட்கலாமாம். சித்திரை வெயிலில் நம் ஊர் மாடிகளில் என்னவெல்லாம் கச்சேரி நடக்கிறதோ!

மனிதனுக்கு எத்தனை மரபணு? சுமார் 20,000. தக்காளிக்கு? கிட்டத்தட்ட 35,000! 2012-ல் 14 நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து எண்ணிச் சொன்ன கணக்கு இது. மொத்தம் 12 குரோமோசோம். அதில் ஐந்தாவதைப் படித்துக் கொடுத்தது நம் இந்தியா! ரசத்தில் மிதக்கிறவர் நம்மைவிடப் பெரிய ஆள்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் ராஜகோபுரம் 192 அடி. தமிழக அரசு முத்திரையைப் பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்த கோபுரம் என்பார்கள். சரி, உலகிலேயே உயரமாக வளர்ந்த தக்காளிச் செடி எவ்வளவு தெரியுமா? 65 அடி! 2000-ம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஷயரில் வளர்ந்தது. மூன்று செடியை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் கோபுரக் கலசத்தையே தாண்டிவிடும்!

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஒரே ஒரு செடி காய்த்தது எத்தனை? 32,000 பழங்களுக்கு மேல்! எடை 522 கிலோ! ஒரே செடி, ஐயா!

அந்தக் கோபுரத்து ஆண்டாள் தக்காளியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, தெரியுமா? தென்னமெரிக்க மலைச்சரிவில் பிறந்து, மெக்சிகோவில் வளர்ந்து, போர்ச்சுக்கீசியர் வந்தபிறகுதான் நம் பக்கம் எட்டிப் பார்த்தது இந்தப் பழம். பல பெருமாள் கோவில் மடப்பள்ளிகளில் இன்றைக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அனுமதியில்லை!

ஆனால் வந்த இடத்தில் உறவு கொண்டாடிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தெரிகிறதே மலை, அதற்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டம். அங்கே 'அன்னஞ்சி' என்றொரு நாட்டு ரகம். அதிலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கியதுதான் பிகேஎம் 1! காம்புப் பக்கம் பச்சைத் தோள், தட்டையான உருண்டை, 135 நாள் பயிர். லாரியில் போட்டு எவ்வளவு தூரம் உருட்டினாலும் தாங்கும் தோல். மாடிக்கு இன்னும் தோதானது கோவையின் கோ 3, அதாவது மருதம். செடி குட்டை, அடக்கம். என் ஓட்டு மருதத்துக்குத்தான்!

பூவைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் மஞ்சள் கூம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் அதற்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சாதாரணத் தேனீயால் அதை எடுக்கவே முடியாது! கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்து, இறகை அடிக்காமல் உடம்பை மட்டும் 'ர்ர்ர்' என்று அதிரவைத்தால் பொடி கொட்டும். வண்டே வராத மூன்றாவது மாடியா? காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டுங்கள். கீழே செல்போனின் கறுப்புத் திரையைப் பிடித்தால் மஞ்சள் பொடி விழுவது கண்ணுக்கே தெரியும்! வெளிநாட்டில் சிலர் பேட்டரி டூத் பிரஷ்ஷை வைத்து அதிரவைக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவும் வேண்டாம். செங்கோட்டைப் பக்கமிருந்து ஆடிக் காற்று வீசினால் பூ தானே குலுங்கும். செடி சாயாமல் முட்டுக் குச்சி மட்டும் வைத்துவிடுங்கள். கட்டுவதற்கு? பக்கத்திலேயே சத்திரப்பட்டி இருக்கிறது, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர்! ஒரு துண்டு போதும், தண்டு அறுபடாது.

கொத்துக் கொத்தாய்ப் பூத்தும் ஒன்றுகூடக் காயாகவில்லையா? ராத்திரிதான் வில்லன்! பகல் 35 டிகிரியையும் இரவு 24 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் மலடாகிப் பூ உதிரும். அதனால்தான் நம் பக்கம் கோடையில் பை பையாகச் செடி நின்றும் பழம் இல்லை. கார்த்திகையில் விதை, மார்கழியில் நடவு, மாசியில் பழம். இதுதான் வழி.

செடியின் பக்கக் கிளையைக் கிள்ளுகிறீர்களே, உங்கள் விரலைப் பார்த்தீர்களா? பச்சைக் கறை! சோப்புப் போட்டால் நுரை மஞ்சளாக ஓடும்! தண்டிலும் இலையிலும் உள்ள ரோமங்களின் வேலை அது. குட்டிப் பூச்சிகள் அதில் ஒட்டிச் செத்து, மண்ணில் விழுந்து, செடிக்கே உரமாகின்றன என்று 2009-ல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காக்காரர்கள் சொன்னார்கள். பார்த்தால் சாது, உள்ளே அசைவமோ! கிள்ளிய கிளையைத் தூக்கி எறியாதீர்கள். டம்ளர் தண்ணீரில் போடுங்கள், வாரம் பத்து நாளில் வேர்! இன்னொரு செடி இலவசம்!

தக்காளி விண்வெளிக்குப் போன கதை தெரியுமா? 1984-ல் நாசா 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகளை மேலே அனுப்பியது. ஆறு வருடம் பூமியைச் சுற்றிவிட்டு 1990-ல் திரும்பி, பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போயின. முளைத்தும் விட்டன! விண்வெளி நிலையத்தில் ஃபிராங்க் ரூபியோ என்ற வீரர் பறித்த தக்காளி காணாமலே போனது. 'நீதான் தின்றிருப்பாய்' என்று மாதக்கணக்கில் கிண்டல்! கடைசியில் 2023 டிசம்பரில் வற்றிப்போய்க் கிடைத்தது. பாவம் மனிதர், அதற்குள் பூமிக்கே திரும்பிவிட்டார்.

அந்த 2023 ஜூலையில் இங்கே என்ன விலை, ஞாபகம் இருக்கிறதா? கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது!

பழத்தின் அடி கறுத்து அழுகுகிறதா? நோய் இல்லை, சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. ஒருநாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் மறுநாளே சரியாகும் என்பதெல்லாம் சும்மா! குரங்கு வந்தால் என்ன செய்வது? மலையடிவாரத்துக்காரர்களே, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை!

மாடித்தோட்டத்துக்கு அரசு தோட்டக்கலைத் துறை தொகுப்பு தருவது தெரியுமா? 900 ரூபாய்ப் பொருளைப் பாதி மானியத்தில் 450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்! பை, தேங்காய் நார்க் கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம், வேப்ப மருந்து எல்லாம் அதிலேயே அடக்கம். இப்போது என்ன விலை, இருப்பு உண்டா என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு பைக்கு ஒரு செடிதான்... ஆசைப்பட்டு மூன்று நட்டுவிடாதீர்கள்!