லயத்தை இடிக்கலாம், அதற்கு முன் ஒரு சீட்டு வேண்டும்

1

எங்க அம்மா முப்பது வருஷம் குடியிருந்த இடத்துக்கு 'அஞ்சாம் நம்பர்' என்று பேர். தெருப் பேர் கிடையாது, கதவு எண் கிடையாது. உடும்பன்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டம், அங்கே ஒரே கூரைக்கு அடியில் எட்டு அறை, அதில் அஞ்சாவது. தேவாரத்தில் எங்கள் வாசலில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம். சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்து ஏறினால் கிட்டம். ஜீப்பில் போனால் போடிமெட்டைச் சுற்றிப் போகணும்.

தோட்டம் இப்போது கைமாறிவிட்டது. புது முதலாளி லயத்தை இடித்துவிட்டு ஏலக்காய் ஸ்டோர் கட்டப் போகிறார் என்று சேதி வந்ததும் எங்கள் வாசிப்பு வட்ட நண்பர்கள் கொதித்துப் போனார்கள். 'உழைக்கும் மக்களின் வரலாற்றுச் சின்னம், அப்படியே பாதுகாக்கணும், மனு போடுவோம்' என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "இடிச்சா நல்லதுப்பா. மழை பெஞ்சா ராத்திரி முழுக்க சட்டி வச்சுப் பிடிச்ச வீடு அது. அதை என்னத்துக்குக் காப்பாத்தணும்? இடிக்கிறதுக்கு முன்னாடி நாங்க அங்க இருந்தோம்னு ஒரு சீட்டு வாங்கிக் குடுங்க, போதும்."

மனு எழுத எடுத்த தாள் அப்படியே கிடந்தது. அம்மாவுக்கு அந்தச் சீட்டு ஏன் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். முப்பது வருஷ வேலைக்கான பணிக்கொடையைக் கேட்டுப் போனபோது, அவள் அங்கே வேலை பார்த்ததற்கே ஆதாரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் கையில் இருந்தது அந்த நம்பர் மட்டும்தான்.

பாதுகாப்பு என்று நாம் சொல்வதற்கும் அம்மா கேட்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, இதற்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றுகிற ஒரு விஷயத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது: அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட வீடுகள்.

2

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அமெரிக்கா தன் படையைப் பழைய அளவுக்குக் கலைக்கவில்லை. பனிப்போர் வந்துவிட்டது. படை நிரந்தரமானது; சிப்பாய்க்குக் கல்யாணமானது; குடும்பம் தங்க வீடு இல்லை. 1949-ல் வெரி என்ற செனட்டரின் பேரால் ஒரு சட்டம் வந்தது. ராணுவ நிலத்தில் தனியார் கட்டுமானக்காரர்கள் அரசின் கடன் காப்புறுதியோடு வீடு கட்டி, சிப்பாய்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 1955-ல் கேப்ஹார்ட் என்ற இன்னொரு செனட்டரின் சட்டம். இதில் கட்டி முடித்த வீடு ராணுவத்துக்கே சொந்தம். இரண்டு திட்டத்திலும் சேர்த்து 1962 வரைக்கும் ஏறத்தாழ இரண்டு லட்சம் வீடுகள். எல்லாம் ஒரே அச்சு.

அந்த நாட்டில் 1966-ல் வந்த வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய அரசின் எந்தத் துறையும் ஒரு வேலையைத் தொடங்கும் முன், வரலாற்று மதிப்புள்ள இடங்களுக்கு அதனால் என்ன நேரும் என்று பார்த்தாக வேண்டும். ஒரு கட்டிடம் அந்தப் பட்டியலில் சேரப் பொதுவாக ஐம்பது வயது ஆகியிருக்கணும். 1999 தொடங்கி இந்த வீடுகள் வரிசையாக ஐம்பதைத் தொட ஆரம்பித்தன. ஓடு மாற்றணும் என்றாலும், இடிக்கணும் என்றாலும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி விசாரணை. போதாக்குறைக்கு, 1996-லிருந்து ராணுவம் தன் குடும்ப வீடுகளைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருந்தது.

2002-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வரலாற்றுப் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழு, தரைப்படையின் இந்த வகை வீடுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே 'திட்டக் கருத்துரை' வெளியிட்டது. இந்த வீடுகளின் வரலாற்றை விரிவாக எழுதணும். வடிவமைப்பு நெறிகள் தயாரிக்கணும். தனிச்சிறப்பு உள்ளவை எவை என்று அடையாளம் காணணும். ஒரு படம் எடுக்கணும். இத்தனையும் செய்துவிட்டால் பழுது பார்க்கலாம், மாற்றலாம், விற்கலாம், இடிக்கலாம். வீடு வீடாகக் கேட்க வேண்டியதில்லை. 2004-ல் கடற்படைக்கும் விமானப்படைக்கும் இதே ஏற்பாடு. 2023-ல், வியட்நாம் போர்க்கால வீடுகளுக்கும், அதாவது 1963 முதல் 1975 வரை கட்டியவற்றுக்கும், இப்படி ஒரு கருத்துரை வந்தது.

இதை நிர்வாகத் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி ஒதுக்கமாட்டேன். உள்ளே ஒரு உண்மையான கேள்வி இருக்கிறது. மரபு பற்றிய நம்முடைய சொல்லாடல் முழுக்கத் 'தனித்தன்மை'யின் மேல் கட்டப்பட்டது: இது போல் இன்னொன்று இல்லை, ஆகவே காப்பாற்று. இரண்டு லட்சம் ஒரே மாதிரி வீட்டில் அந்தத் தர்க்கம் செல்லாது. அங்கே வரலாறு என்பதே 'ஒரே மாதிரி' என்பதில்தான் இருக்கிறது. எதைக் காப்பாற்றினாலும் மிச்சம் அத்தனையும் இடிபடும். எல்லாவற்றையும் காப்பாற்றினால் யாரும் குடியிருக்க முடியாது. 'முதலில் பதிவு செய், பிறகு இடி' என்ற முறை அதற்கு அவர்கள் கண்ட பதில்.

பதிவு செய்தது யார் என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்குச் சொந்தக்காரனான ராணுவமே பதிவுக்கும் பொறுப்பு. அந்த அடுக்களையில் சமைத்தவளுக்கு அதில் எவ்வளவு இடம்?

3

ராணுவத்தையும் லயத்தையும் நான் வலிந்து முடிச்சுப் போடவில்லை. என் சித்தப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார். சித்தி குன்னூர் வெலிங்டனில் குவார்ட்டர்ஸில் இருந்தாள். சின்ன வயதில் லீவுக்குப் போயிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரக்ஸை எல்லோரும் நின்று பார்ப்பார்கள். சித்தி வீட்டை யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா ஓய்வு பெற்றபோது சுவரில் ஆணி அடித்த ஓட்டையை அடைத்து, வெள்ளை பூசி, சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். "பத்து வருஷம் இருந்தோம், ஒரு கோடு கூட விட்டுட்டு வரலை" என்று சித்தி பெருமையாகச் சொல்வாள். தடயமில்லாமல் வாழ்ந்துவிட்டு வருவதுதான் அங்கே ஒழுங்கு.

பூக்கோ 1975-ல் எழுதிய, கண்காணிப்பும் தண்டனையும் பற்றிய நூலில், ராணுவக் கூடாரத்தைப் பார்வை வழியே செயல்படும் அதிகாரத்தின் முன்மாதிரி வரைபடமாகக் காட்டுகிறார். அந்த வரைபடம்தான் பிறகு தொழிலாளர் குடியிருப்புகளிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பள்ளிகளிலும் படிந்தது என்கிறார். நமக்கு இதைப் பிரெஞ்சிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையே இல்லை. தோட்டத்தில் நம் ஆட்களை மேய்த்தவன் பேரே கங்காணி, அதாவது கண்காணி. லயம் நேர் வரிசையில் இருப்பது அழகுக்காக அல்ல. காலையில் பெரட்டுக்கு ஆள் வராவிட்டால் எந்தக் கதவு என்று தெரியணும். எண் அதற்காகத்தான்.

குவார்ட்டர்ஸும் லயமும் வேலையோடு கட்டிப் போடப்பட்ட வீடுகள். வேலை போனால் வீடு போகும். சிப்பாய்க்காவது கையில் ஓய்வூதியப் புத்தகம் இருக்கிறது. அரசு அவனை எண்ணி வைத்திருக்கிறது. லயத்துக்காரிக்கு அதுவும் இல்லை.

4

நம் சட்டங்கள் என்ன சொல்கின்றன? 1958-ம் வருஷத்துத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் ஒரு கட்டிடம் 'பழமை' என்று ஆக நூறு வருஷம் ஆகணும். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, குடியிருப்புக் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கிய பிறகு கட்டிய லயம், 2050-க்கு மேல்தான் பழசாகும். தகரம் அதுவரை தாங்காது.

1981-ல் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். முதலாளி கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ செத்தால், காயம்பட்டால், முதலாளி நஷ்டஈடு தரணும். விலக்கு இரண்டு: குடியிருந்தவரின் தவறு, இயற்கைச் சீற்றம். இப்போது 1951 சட்டமே 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. 'இயற்கைச் சீற்றம்' என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் இறங்கியது. மின்சாரம் இல்லை, போன் இல்லை. வெளியுலகத்துக்குச் சேதி வந்தது மறுநாள் காலை. எழுபது பேர் போனார்கள். நாலு பேர் உடல் கிடைக்கவே இல்லை. செத்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. மழை இயற்கைதான். அந்தச் சரிவுக்குக் கீழே வரிசையாக மனிதர்களைக் குடிவைத்தது இயற்கை அல்ல. 'லயத்தை அப்படியே பாதுகாக்கணும்' என்று திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் பேசியது, இதை வைத்துப் பார்த்தால், கொஞ்சம் குரூரமான பேச்சு.

அதே மூணாறில் நல்லதண்ணியில் 2005-லிருந்து தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இயந்திரங்கள், பழைய படங்கள். இலங்கை மலையகத்தில் துரைமார் பங்களாக்கள் விலை உயர்ந்த விடுதிகளாகிவிட்டன. எங்கேயும் முதலில் பாதுகாக்கப்படுவது பங்களா. கம்பளைக்குப் பக்கத்தில், பழைய பீகாக் தோட்டத்தில் மட்டும் 2007-ல் ஒரு லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் ஆக்கினார்கள். தொழிலாளர் தரப்பில் நின்றவர்கள் செய்த காரியம் அது. ஒரு லயம் நின்றால் போதும், கூடவே ஆவணம் இருக்கணும் என்ற பாடத்தை நான் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கம் மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருஷக் குத்தகைக்குப் போன காடு. 1999 ஜூலை 23-ல் தாமிரபரணிக் கரையில் பதினேழு உயிர்களைக் கொடுத்த போராட்டம் அந்தத் தோட்டக் கூலிக்காக நடந்தது. 2024-ல் நிறுவனம் வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு கொடுத்து, மலையை விட்டு இறங்கச் சொன்னது. நிலம் காடாகட்டும், அதற்கு நான் விரோதி இல்லை. ஆனால் தலைமுறைகள் வாழ்ந்த வீடுகள் காட்டுக்குள் மறையும்போது, அங்கே யார் எந்த அறையில் இருந்தார்கள் என்ற கணக்கும் கூடவே மறைந்துவிடக் கூடாது.

5

ஏலமலையில் இன்னொரு சிக்கல்: எல்லை. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தோட்டம் கேரளத்துக்கும் தொழிலாளியின் ஊர் சென்னை மாநிலத்துக்கும் போனது. பதிவேடு அங்கே, ஆள் இங்கே. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தில் உடும்பன்சோலைப் பக்கமிருந்து குடும்பங்கள் காட்டுவழியே தேவாரத்துக்கு இறங்கி வந்தன. தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கினார்களே தவிர, காகிதம் எடுக்க யாருக்குத் தோன்றும்? இன்றைக்கு எங்க ஊர்ப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் போய் இருட்டியதும் திரும்புகிறார்கள். லயத்தில் இப்போது ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்கள். அஞ்சாம் நம்பரிலும் அவர்கள்தான். அவர்கள் பேரும் எந்தத் தாளிலும் இருக்காது. நாளைக்கு அவர்களும் இதே சீட்டைத் தேடுவார்கள்.

ஆகவே அமெரிக்க முறையின் வரிசையை எடுத்துக்கொண்டு, பதிவு செய்யும் கையை மாற்றணும் என்கிறேன். எங்கள் வட்டம் மனுவை விட்டுவிட்டுச் செய்ய ஆரம்பித்திருக்கும் வேலை இது:

ஒன்று, லயத்தை அளந்து வரைவது. அறை, அடுப்பு, தண்ணீர்க் குழாய், கக்கூஸ் எவ்வளவு தூரம், மேலே சரிவு எப்படி. நாளைக்கு ஏதாவது நடந்தால் 'இயற்கைச் சீற்றம்' என்ற வாதத்துக்கு எதிராக நிற்கப் போவது இந்தப் படம்.

இரண்டு, ஒவ்வொரு நம்பருக்கும் ஆள் கணக்கு. எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை யார். வருஷம் ஞாபகம் இல்லாதவர்களிடம் 'பெரிய மழைக்கு முன்னாடியா, மூத்தவ சடங்குக்குப் பின்னாடியா' என்று கேட்கணும். ஒருவர் சொன்னதற்குப் பக்கத்து அறைக்காரர் இருவர் கையெழுத்து.

மூன்று, துண்டுக் காகிதங்கள். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, தடுப்பூசி அட்டை, ரேஷன் அட்டை, கோயில் கொடை வரி நோட்டு, தபால் கவர். செக்ரோலை முதலாளி தரமாட்டார். கொடைநோட்டைப் பூசாரி தருவார்.

நான்கு, நகல் மூன்று: ஒன்று மலையில், ஒன்று தேவாரத்தில், ஒன்று வக்கீலிடம்.

இதற்குப் பிறகு இடிக்கட்டும். அதுவும், இப்போது இருப்பவர்களுக்கு நனையாத வீடு கொடுத்த பிறகு. எங்காவது ஒரு லயத்தை நிறுத்தி வைக்கணும் என்றால், எதை என்று அங்கே இருந்தவர்கள் சொல்லட்டும்.

இதனால் அம்மாவுக்குப் பணிக்கொடை கிடைத்துவிடும் என்று சொல்ல என்னிடம் உறுதி எதுவும் இல்லை. கையெழுத்துத் தாளைச் சாட்சியமாக ஏற்பார்களா என்பது அதிகாரியின் மேஜையில் தீரும் விஷயம். ஆனால் ஒரு நோட்டில் எட்டுப் பேர் சொன்னது, ஒருத்தி வாயால் சொன்னதை விடக் கொஞ்சம் கனம்.

எட்டில் ஆறு நம்பருக்குக் கணக்கு முடிந்திருக்கிறது. இரண்டாம் நம்பரிலும் ஏழாம் நம்பரிலும் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். வால்பாறை, வண்டிப்பெரியாறு, மாஞ்சோலைப் பக்கத்து நண்பர்கள் அவரவர் லயத்தில் இந்த வேலையைத் தொடங்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் அளவு நாடாவும் போதும்.