திரைக்குள் ஒரு வகுப்பறை: 'பொதுப் பார்வை' எங்கே தொடங்குகிறது?

இணையவழி வகுப்பில் பல மாநிலங்களையும் மொழிகளையும் சேர்ந்த மாணவர்கள் ஒரே திரையில் கூடுகின்றனர். ஒருவர் பண்பாட்டை மற்றவர் அறியும் வாய்ப்பு என இது போற்றப்படுகிறது. ஆயினும், 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐஐடியின் வகுப்பொன்றில் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்தப் படிப்பின் இணையவழி ஆங்கில வகுப்பு அது. அதில் பேராசிரியர் ஒருவர் மாணவர்களை இழிசொற்களால் ஏசினார். காணொளி பரவிய பின்னரே நாடு அதை அறிந்தது. அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.

தன் வீட்டு அறையில் அமர்ந்திருக்கும் மாணவரைத் திரைவழியே இழிவுபடுத்துவது வன்கொடுமை ஆகுமா?

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு, 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது கூறப்பட்ட சொற்கள் இதில் அடங்கா என ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் கூறியது. இணையத்தில் பதிவேற்றப்பட்ட காணொளியும் பொதுப் பார்வைக்கு உட்பட்டதே என 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது.

கடவுச்சொல் இட்டு நடத்தப்படும் வகுப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்குள்ள சக மாணவர்கள் பாதிக்கப்பட்டவரின் உறவினர் அல்லர்; கல்வி நிறுவனத்தின் வகுப்பு எவருடைய தனி இல்லமும் அன்று. ஆகவே அதுவும் பொதுப் பார்வையே என்பது நம் வாதம்.

இன்னொரு தடையும் உண்டு. பட்டியல் சாதியினர் மீதான ஒவ்வோர் அவமதிப்பும் இப்பிரிவில் வாராது; அது சாதி அடையாளத்தோடு பிணைந்திருத்தல் வேண்டும் என 2024-இல் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே சொல்லப்பட்ட சொற்களும் சூழலும் சான்றாக வேண்டும்.

நாள், நேரம், சரியான சொற்கள், உடனிருந்தோர் பெயர்கள் ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள். ஒலி, ஒளிப்பதிவின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றின் நகலுக்குச் சான்றிதழ் தேவை. முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு. காவல் நிலையத்தில் அதை எடுத்துரையுங்கள்.

ஊரையும் பெயரையும் மறைத்து, கேமராவை அணைத்துவிட்டு அமர நேரும் மாணவரிடமிருந்து எவரும் எந்தப் பண்பாட்டையும் கற்கப்போவதில்லை. அச்சமின்றித் தன் பெயரைச் சொல்லும் உரிமையே அக்கல்வியின் முதல் பாடம்.