எச்.ஐ.வி. பரிசோதனை: ஒரு கோடு சொல்வதும் சொல்லாததும்

எச்.ஐ.வி. பரிசோதனை ரத்தத்தில் கிருமியைத் தேடுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். வழக்கமான பரிசோதனைகளில் பெரும்பாலானவை தேடுவது, கிருமி நுழைந்த பிறகு உடல் தானே உருவாக்கும் எதிர்ப்பொருளை. இது தெரிந்தால் பரிசோதனை முடிவைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எதிர்ப்பொருள் உருவாக நாளாகும். தொற்று ஏற்பட்ட அன்றோ அடுத்த வாரமோ பரிசோதித்தால், கிருமி உடம்பில் பெருகிக்கொண்டிருக்கும்போதே முடிவு ‘நெகட்டிவ்’ என்று வரக்கூடும். இந்த இடைவெளியை மருத்துவர்கள் ‘விண்டோ பீரியட்’ என்கிறார்கள். சில நிமிடங்களில் முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனைக்கு இது 23 நாள் முதல் 90 நாள் வரை. கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் ஆய்வகப் பரிசோதனை, நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் 18 முதல் 45 நாளுக்குள் கண்டுபிடித்துவிடும். கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனைக்கு 10 முதல் 33 நாள் போதும். செலவு அதிகம் என்பதால் எல்லோருக்கும் அதைச் செய்வதில்லை. தொற்றுக்கு வாய்ப்பான சம்பவம் நடந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையை, இடையில் புதிதாக எதுவும் நடக்காதிருந்தால், உறுதியாக நம்பலாம்.

நேற்று நடந்ததற்காக இன்று பதறி வருபவருக்கு முதலில் தேவைப்படுவது தடுப்பு மருந்து. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்று நிலைபெறாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பரிசோதனை முடிவுக்காக இந்த மணி நேரங்களை வீணாக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயர்ப் பலகையுள்ள அறையில் இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். அருகிலுள்ள மையம் எது என்பதை 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மையத்தில் முதலில் ஆலோசகரிடம் பேச வேண்டும். எதற்காகப் பரிசோதனை, முடிவு எப்படி வந்தால் என்ன செய்வது என்பதை அவர் விளக்கிச் சம்மதம் பெற்ற பிறகுதான் ரத்தம் எடுக்கப்படும். முடிவைச் சொல்லும்போதும் அவர் உடனிருப்பார். தனியார் ஆய்வகத்தில் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்த் தனியாகப் பிரித்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

துரிதப் பரிசோதனைக் கருவி விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன் குழியில் ரத்தத்தை விட்டு, மேலே சில சொட்டுக் கரைசல் விட்டால், ஈரம் மெல்ல ஏறும். ‘சி’ என்ற இடத்தில் ஒரு கோடு கட்டாயம் விழ வேண்டும். அது கருவி ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கான அடையாளம். விழாவிட்டால் அந்தப் பரிசோதனையே செல்லாது. சோதனைக் கோடும் விழுந்தால், மங்கலாக இருந்தாலும், ‘ரியாக்டிவ்’. குறித்த நிமிடங்களுக்குள் படித்துவிட வேண்டும். வெகுநேரம் கழித்துத் தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

‘ரியாக்டிவ்’ என்பதற்கு ‘எச்.ஐ.வி. உறுதி’ என்று பொருளில்லை. மையத்தில் வெவ்வேறு முறையில் இயங்கும் மூன்று கருவிகளால் பரிசோதித்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவார்கள். இதன் அவசியத்தை ஒரு கணக்கு காட்டும். இந்தியாவில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம், அதாவது 10,000 பேரில் ஏறக்குறைய 20 பேர். தொற்றில்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். மீதமுள்ள 9,980 பேரில் அது சுமார் 50 பேரைத் தவறாகக் காட்டும். முதல் கருவியில் கோடு விழுந்த 70 பேரில் உண்மையில் தொற்றுள்ளவர்கள் 20 பேர் மட்டுமே! அந்த 70 பேரையும் வேறு வகைக் கருவியால் மீண்டும் பரிசோதித்தால், தவறாகச் சிக்கியவர்களில் அநேகமாக எல்லோரும் விலகிவிடுவார்கள். மூன்றாவது கருவி எஞ்சிய ஐயத்தையும் போக்கும். கருவிகளின் முடிவுகள் முரண்பட்டு உறுதி சொல்ல முடியாமல் போனால், சில வாரம் கழித்துப் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரே கருவியின் கோட்டை வைத்து ஒருவருக்கு நோய் என்று சொல்வது பெரும் அநியாயம்.

இந்தியாவின் முதல் தொற்றுகளும் இப்படித்தான் உறுதியாயின. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. சிலவற்றில் தொற்றுக்கான அறிகுறி தெரிந்தும் அதோடு விடாமல், அமெரிக்காவுக்கு அனுப்பி வேறு முறையில் உறுதிசெய்த பிறகே முடிவு ஏற்கப்பட்டது.

‘நெகட்டிவ்’ முடிவு அந்த ஒருவருக்கு மட்டுமே உரியது. கணவருக்குத் தொற்று இல்லை என்பதால் மனைவிக்கும் இல்லை என்று கொள்ள முடியாது. இருவரும் தனித்தனியே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

‘பாசிட்டிவ்’ என்று உறுதியானால் கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள். 2004 முதல் இந்தச் சிகிச்சை அரசு மையங்களில் இலவசம். முன்பு, நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 என்ற ரத்த அணுக்கள் குறையும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். 2017 முதல் அந்த எண்ணிக்கை எதுவாயினும் உடனே மருந்து தொடங்கப்படுகிறது. பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரைதான். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதை ‘வைரல் லோடு’ பரிசோதனை அளக்கும். மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு அது கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்று பரவாது. அப்போதும் எதிர்ப்பொருள் பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். மருந்து பலிக்கவில்லை என்று இதற்காக மனம் உடையத் தேவையில்லை. வைரல் லோடு குறைந்ததைக் காட்டி ‘குணமாகிவிட்டது’ என்று மருந்தை நிறுத்தச் சொல்பவர்களை நம்புவதும் ஆபத்து. நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவருடைய சம்மதமின்றி அவருக்குப் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. வேலைக்கோ படிப்புக்கோ சிகிச்சைக்கோ இந்தப் பரிசோதனையை முன்நிபந்தனையாக்கவும் முடியாது.

குழந்தைகளின் பரிசோதனைக்குக் கணக்கு வேறு. தொற்றுள்ள தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கக்கூடும். அதனால் தொற்றே இல்லாத பிள்ளைக்கும் சாதாரணப் பரிசோதனையில் கோடு விழலாம். ஆறாவது வாரத்தில் குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஒரு தடித்த அட்டையில் வட்டங்களாக உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கிருமியின் மரபணுவையே தேடிப் பார்ப்பார்கள். அதில் இல்லை என்று வந்தாலும், தாய்ப்பால் குடிக்கும்வரை குழந்தையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். 18 மாதம் நிறைந்து, தாய்ப்பாலும் நிறுத்தப்பட்ட பிறகு எடுக்கும் பரிசோதனைதான் அந்தக் குழந்தைக்கு இறுதி முடிவு.