புகைக்கும் ஒரு சந்தை

நெல்லும் துணியும் சந்தைக்கு வருதல் நாம் அறிந்ததே. புகைவிடும் உரிமையும் விலைபேசப்படுமோ? ஐக்கிய அமெரிக்காவில் அவ்வாறே நிகழ்ந்தது.

நிலக்கரியிற் கலந்துள்ள கந்தகம், எரியுங்கால் கந்தகவீரொட்சைட்டு என்னும் வாயுவாகி, முகிலோடு கூடி அமில மழையாகப் பொழிகின்றது. ஒஹாயோப் பள்ளத்தாக்கின் மின்னிலையங்கள் கக்கிய புகை காற்றோடு நெடுந்தொலைவு சென்றது. நியூயோர்க் மாநிலத்து அடிரொண்டாக் மலைநாட்டு ஏரிகள் பலவற்றில் மீனினம் அற்றுப்போயிற்று.

1990ஆம் ஆண்டுச் சட்டம் புதியதொரு வழி வகுத்தது. மின்னிலையங்கள் யாவும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு விடக்கூடிய வாயு, படிப்படியாக 89.5 இலட்சம் தொன்னாகக் குறைக்கப்படும். தொன்னுக்கு ஓர் அனுமதிச் சீட்டு. குறைந்த செலவிற் புகையைக் குறைக்க வல்லோர் மிஞ்சிய சீட்டை விற்பர், இயலாதோர் வாங்குவர். சீட்டின்றி விட்டால் தொன்னுக்கு 2000 டொலர் தண்டம். அடுத்த ஆண்டுச் சீட்டிலும் கழிவு உண்டு.

“அப்படியாயின், காசுள்ளவன் எவ்வளவு நஞ்சும் கக்கலாமோ, ஐயா?” என்று நம் மாணாக்கர் வினவுவதுண்டு. நல்ல வினாவே. சீட்டின் மொத்தத் தொகை வரையறைப்பட்டது. ஒருவன் மிகுதியாக விடின், பிறனொருவன் குறைத்திருத்தல் வேண்டும். ஆயினும் சீட்டு வாங்கும் ஆலையின் அயலிற் குடியிருப்போனுக்கு இக்கணக்கு ஆறுதல் தராது. இம்முறையின் மெய்யான குறை இதுவே என்பது நம் கருத்து.

1995இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1990இல் ஏறத்தாழ 157 இலட்சம் தொன்னாயிருந்த வாயு, 2010இல் ஏறத்தாழ 52 இலட்சமாயிற்று. செலவு மிகுமென ஆலையுடையோர் அஞ்சினர். 1996 ஏலத்திலோ சீட்டின் விலை 70 டொலருக்கும் கீழே நின்றது. புகழ் முழுவதும் சந்தைக்கே உரியதன்று. புகையிரதக் கட்டணம் தாழ்ந்தமையால், வயோமிங் மாநிலத்துக் கந்தகங்குறைந்த நிலக்கரி மலிவாகக் கிடைத்தது. பின்னர் வந்த கடுமையான விதிகளும் துணைசெய்தன. புகைபோக்கிகளிற் பொருத்திய அளவுகருவிகள் இடையறாது கணக்கெடுத்தமையாற் பொய்க்கணக்குக்கு இடம் அரிதாயிற்று.

ஐரோப்பியர் 2005இல் கரியமில வாயுவுக்கு இத்தகைய சந்தையை அமைத்தபோது, தேவைக்கு மிஞ்சிய சீட்டுகளை வழங்கிவிட்டனர். 2007இல் சீட்டின் விலை ஏறக்குறையச் சுழியாயிற்று! மிகுதிச் சீட்டுகளைச் சந்தையினின்றும் விலக்கிவைக்கும் ஏற்பாடு 2019இலேயே தொடங்கிற்று.