யமனுக்கு எருமை எதற்கு?

யமதர்மராஜனுக்கு வாகனம் எருமைக் கடா என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. எருமை அவசரப்படாது. அது வாசலுக்கு வந்து சேர்வதற்குள் உயில் எழுதி முடிக்கலாம். பிள்ளைகளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை புத்தி சொல்லலாம். இப்போதோ, காலை எட்டரை மணிக்குச் சென்னைப் பட்டணத்தில் கத்திப்பாராச் சந்திப்புக்கு அருகே சற்று நேரம் நின்று பார்த்தால், யமன் எருமையை விற்றுவிட்டு மோட்டார் வாங்கிவிட்டான் என்றே தோன்றுகிறது. எந்த மோட்டார் அவனுடையது என்று கண்டு கொள்வதுதான் கஷ்டம். லாரி, பஸ், கார், ஷேர் ஆட்டோ ஆகிய எல்லாவற்றிலும் அவனுடைய ஜாடை கொஞ்சம் தெரிகிறது.

இது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல. 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவின் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் முதலிய இரண்டு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். நாள் ஒன்றுக்குச் சராசரி 205 பேர். அந்த வருஷத்தில் வேறு எந்த ராஜ்யத்தையும்விட அதிகமான விபத்துக்கள் நடந்த 'பெருமை' நமது தமிழ்நாட்டுக்கே கிடைத்தது. 64,105 விபத்துக்கள், 17,884 மரணங்கள்.

1956-ஆம் வருஷத்தில் அரியலூருக்கு அருகில் ரயில் கவிழ்ந்து பெருஞ்சேதம் விளைந்தபோது, ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அந்தப் பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றுக் கொண்டு பதவியை ராஜினாமாச் செய்தார். இன்றைக்கும் 205 பேர் ஒரே ரயிலில் மாண்டால் நாம் எல்லோரும் பதறிப் போவோம். ஆனால் அந்த 205 பேரும் 205 தெருமுனைகளில் தனித்தனியாக மாண்டால், பத்திரிகையின் மூலையில் நாலு வரி. மறுநாள் அதுவும் இல்லை.

குடும்ப வண்டி

மேல்நாடுகளில் மோட்டார் சைக்கிள் என்பது பெரும்பாலும் வாலிபர்களின் விளையாட்டுச் சாமான். நம் தேசத்தில் அது குடும்ப வண்டி. 1950-களில் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சின்னஞ்சிறு வண்டி வெளிவந்தது. அதற்குப் பிறகு, பால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் கூட மோட்டார் வண்டிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அநுபவித்தவர்கள் அறிவார்கள். அந்த வண்டியைக் குறை சொல்வது நமது நோக்கமல்ல. சம்பாத்தியத்துக்கு ஏற்ற வண்டியில் ஏறி ஆபீசுக்குப் போகிற மனிதர், மாலையில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும் என்பதே நம் ஆசை.

காரில் போகிறவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது, வார் இருக்கிறது, மோதினால் ஊதிப் பெருகும் காற்றுப் பைகூட இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அவருடைய சட்டைதான் சுவர்; தலைமயிர்தான் கூரை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமானம். வேகம் 60 ஆனால் அந்த உயரம் 14 மீட்டர் ஆகிறது. அதாவது நாலு மாடிக் கட்டடத்தின் உச்சி! மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தை ஏறினால் அலறுகிற நாம், அதே குழந்தையைப் பெட்ரோல் டாங்கியின் மேல் உட்கார வைத்துக் கொண்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறோம்.

கண் இருந்தும் காணாதவர்கள்

சாலையில் அபாயம் விளைவிப்பவர் என்றதும், குடித்துவிட்டு லாரி ஓட்டுகிற முரட்டு மனிதர் ஒருவரைத்தான் நாம் மனத்தில் கற்பித்துக் கொள்கிறோம். அத்தகையோரும் உண்டு, சட்டம் அவர்களைச் சும்மா விடக்கூடாது. ஆனால் பெரும்பாலான அபாயம் அப்படி மீசை வைத்துக் கொண்டு வருவதில்லை. மூக்குக் கண்ணாடி அணிந்து, நெற்றியில் விபூதி இட்டு, 'ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே' என்று கவலைப்பட்டுக் கொண்டு வருகிற மிக நல்ல மனிதராகவும் அது வருகிறது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹாரி ஹர்ட் என்னும் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேறொரு வண்டியோடு மோதிய விபத்துக்களில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த மற்ற வண்டிக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடாததனால் நேர்ந்தவை என்று அவர்கள் கண்டார்கள். அவர்களில் பலர் மோதும் வரையில் மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவே இல்லை. அல்லது கவனித்தபோது காலம் கடந்துவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. காரோட்டி தெருமுனையில் தேடுவது பஸ்ஸையும் லாரியையும்தான். தனக்குக் கெடுதல் செய்யக் கூடியதையே மனித மனம் முதலில் தேடுகிறது. சிறிய உருவமாகையால் மோட்டார் சைக்கிள் உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகவும் தோன்றுகிறது. 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று வலது பக்கம் திரும்புகிறார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். எதிரே வருகிறவர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கைப் பிடிப்பதற்கே அந்த ஒரு விநாடி ஆகிவிடுகிறது.

நமது ஊர்ச் சாலைகளில் இந்தக் குருட்டுத்தனத்துக்குப் பல அவதாரங்கள் இருக்கின்றன. காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் பாராமல் கதவைத் திறப்பவர் ஒருவர். அந்தக் கதவுக்கும் வருகிற தண்ணீர் லாரிக்கும் நடுவே அகப்படுகிறவரின் கதியை விவரிக்க வேண்டியதில்லை. கையைக் காட்டிவிட்டால் சாலையையே கிரயம் செய்து கொண்டதாக எண்ணுகிறவர் இன்னொருவர். பஸ்ஸோ லாரியோ இடது பக்கம் திரும்பும்போது உட்புறமாக நெருங்கி வருகிற ஸ்கூட்டர், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் கண்ணாடியில் தெரியாமலே போகலாம். அங்கே டிரைவர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். ஸ்கூட்டர்க்காரரும் அந்தச் சந்துக்குள் நுழையாதிருக்க வேண்டும்.

ஏனெனில் நியாயம் இரு பக்கமும் பேச வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரும் பசுக்கள் அல்லர். ஒரு பர்லாங்கு சுற்றிப் போகச் சோம்பி எதிர்த் திசையில் வருகிறார்கள். டெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக் கொண்டு, கழுத்து ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகப் போகிறார்கள். ஜனங்கள் நடப்பதற்காகப் போட்ட நடைபாதையில் ஏறி, நடந்து வருகிற பாட்டியம்மாளைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள். 2022-இல் மாண்டவர்களில் நூற்றுக்கு 71 பேரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்று சர்க்கார் அறிக்கை சொல்கிறது. அந்த வேகத்தில் எல்லா வகை வண்டிகளுக்கும் பங்கு உண்டு.

முழங்கைக்குக் கவசம்

அராபியப் பாலைவனத்தில் போர் புரிந்து உலகப் புகழ் பெற்ற டி. இ. லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1935 மே மாதத்தில், இங்கிலாந்தில் தம் வீட்டுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் சென்று கொண்டிருந்தார். சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. யுத்த களத்தில் பிழைத்த மனிதர், ஆறு நாள் கிடந்து, 46-ஆவது வயதில் மாண்டார். அவரைக் கவனித்த வைத்தியர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை ரணசிகிச்சை நிபுணரும் ஒருவர். மோட்டார் சைக்கிள் விபத்துக்களையும் தலைக் காயங்களையும் பற்றி அவர் ஆராய்ந்து, 1941-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த வருஷமே பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு போகும் சிப்பாய்கள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அந்நாட்டின் சாதாரணப் பிரஜைகளுக்கு அது சட்டமாக 1973 வரை ஆயிற்று.

தமிழ்நாட்டில் 2007 ஜூன் மாதம் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பிறகு மெல்ல மெல்ல நழுவிற்று. சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவினால் 2015 ஜூலை முதல் மறுபடியும் கண்டிப்பு வந்தது. இப்போது தலைக்கவசம் வாங்காத வீடு குறைவு. ஆனால் அது தலையில் இருப்பதைவிடக் கண்ணாடிக் கம்பியிலும் பெட்ரோல் டாங்கியிலும் முழங்கையிலும் இருக்கும் நேரம் அதிகம். போலீஸ்காரரைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது. அவரைத் தாண்டியதும் இறங்கிவிடுகிறது. போலீஸ்காரர் நம் மண்டையை உடைக்கப் போவதில்லை என்பதும், தார்ச் சாலைக்கு மாமூல் கொடுத்துச் சமாளிக்க முடியாது என்பதும் ஏனோ நமக்கு நினைவு வருவதில்லை.

தலைக்கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக் காயத்தை நூற்றுக்கு 69 பங்கும் குறைப்பதாக, பல தேசத்து ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்த வைத்திய அறிஞர்கள் முடிவு கண்டிருக்கிறார்கள். ஆனால் வார் பூட்டாத கவசம், மோதிய கணத்தில் தனியாகப் பறந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசம் வெறும் பிளாஸ்டிக் சட்டிதான். 2021 ஜூன் முதல் அத்தகையவற்றை விற்பதே குற்றம்.

2022-இல் தலைக்கவசம் அணியாமல் மாண்டவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். இந்த இரண்டாவது எண்ணை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு நிமிஷம் சிந்திக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து செல்பவர்கள் யார்? மனைவி, தாயார், பள்ளிக்கூடம் போகிற பெண். கணவர் கவசம் அணிந்திருப்பார். மனைவி தலையில் மல்லிகைப் பூ மட்டும் இருக்கும். கீழே விழும்போது சாலை, ஓட்டுகிறவர் யார், உட்கார்ந்தவர் யார் என்று விசாரிப்பதில்லை. நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் கவசம் அணிய வேண்டும் என்று 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் கூறுகிறது. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சின்னக் கவசமும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வாரும் வேண்டும் என்றும், வேகம் 40 கிலோமீட்டருக்கு மிஞ்சக் கூடாது என்றும் 2022-இல் விதி செய்யப்பட்டது. புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்துக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்பதும் விதியே. பழைய வண்டியில் அது கழன்று போயிருந்தால், வேறு எந்த ரிப்பேருக்கும் முன்னால் அதை மாட்டிக் கொள்வது நலம்.

பத்தாம் வகுப்பில் தேறினதற்குப் பரிசாகப் பையனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்கிற தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் இல்லாத சிறுவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் இடம் தருகிறது. சட்டம் விதிக்கும் தண்டனையைவிடக் கொடிய தண்டனை ஒன்றும் இருக்கிறது. அதை இங்கே எழுத நமக்கு மனம் வரவில்லை.

கனத்தவருக்குக் கடமை

சாலையில் தவறு செய்கிறவர் ஒருவர். அதன் பலனை உடம்பில் அநுபவிக்கிறவர் வேறொருவர். கார்க்காரர் தவறு செய்தால் காருக்குப் பெயின்ட் போகிறது. மோட்டார் சைக்கிள்காரருக்குக் கால் போகிறது. ஆகையால், எவருடைய வண்டி கனமானதோ அவருக்கே கடமையும் கனமாயிருக்க வேண்டும். இந்தக் கணக்கிலிருந்து யாரும் தப்ப முடியாது. லாரியைக் கண்டு கார்க்காரர் நடுங்குகிறார். காரைக் கண்டு ஸ்கூட்டர்க்காரர் நடுங்குகிறார். ஸ்கூட்டரைக் கண்டு, கையில் காய்கறிப் பையுடன் தெருவைக் கடக்கும் கிழவி நடுங்குகிறாள். ஒவ்வொருவரும் தமக்கு மேலே உள்ளவனை யமன் என்று திட்டுகிறோம். தமக்குக் கீழே உள்ளவனுக்கு நாமே யமனாயிருப்பதை மறந்து விடுகிறோம்.

சாலையில் விழுந்து கிடப்பவரைக் கண்டு, கோர்ட்டு, கச்சேரி என்று பயந்து ஒதுங்கிப் போகிற வழக்கமும் ஒழிய வேண்டும். உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-இல் கட்டளையிட்டது. 2019-இல் அது சட்டத்திலும் இடம் பெற்றது. 108 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கிற்று. 'செலவுக்கு யார் பொறுப்பு?' என்று தயங்கிக் கொண்டு நிற்பதற்கு இனிக் காரணம் இல்லை.

தமிழர் வீட்டில் வெளியே கிளம்புகிறவர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்வார். 'வருகிறேன்' என்ற அந்த வாக்குறுதியை அவர் ஒருவராகக் காப்பாற்ற முடியாது. வழியில் எதிர்ப்படுகிற, முகம் தெரியாத நூறு பேர் சேர்ந்து காப்பாற்றித் தர வேண்டியிருக்கிறது. தெருமுனையில் திரும்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை கண்ணாடியைப் பார்க்கிற ஒவ்வொருவரும், எங்கோ ஒரு வீட்டு வாசலில் காத்திருக்கிற ஒருத்திக்கு அந்த வாக்கை நிறைவேற்றிக் கொடுக்கிறார்கள்.