ஏழாவது தோட்டாவில் என்ன சிக்கல்?

தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளில் சுடுபவரின் வேலை, ஒவ்வொரு முறையும் விசையை இழுப்பது மட்டும்தான். மிச்சத்தை வெடிமருந்து வாயு பார்த்துக்கொள்கிறது. வாயுவின் ஒரு பங்கு போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள, காலிக் கூடு வெளியே தெறிக்கிறது. ஸ்பிரிங்கின் விசையில் போல்ட் முன்னே பாயும்போது, அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. அதற்குள் அந்தத் தோட்டா சரியான உயரத்தில், சரியான சாய்வில் வந்து நின்றிருக்க வேண்டும். மூக்கு கொஞ்சம் தூக்கினாலும் சிக்கிவிடும்.

புதுத் துப்பாக்கி சிக்கினால் பலரும் உடனே எண்ணெயைத் தேடுகிறார்கள். முதலில் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு யோசிக்க வேண்டியது, எத்தனையாவது தோட்டாவில் சிக்குகிறது என்பதை. கண்டபடி சிக்கினால் அழுக்கையோ, எண்ணெய்ப் பசையற்ற போல்ட்டையோ, தோட்டாவையோ சந்தேகிக்கலாம். ஒரு மேகசினில் மட்டும் சிக்கினால் அதன் வாய்விளிம்பு வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

எப்போதும் ஒரே எண்ணில் சிக்கினால் விஷயம் வேறு. அமெரிக்க ராணுவம் 1936இல் ஏற்ற எம்1 ரைஃபிளுக்கு அதுதான் நேர்ந்தது. கனடாவில் பிறந்த ஜான் கேரண்ட், மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் வடிவமைத்தது அது. எட்டுத் தோட்டாக்களை எஃகுக் கிளிப்போடு மேலிருந்து அழுத்திச் செருக வேண்டும். பெருமளவு உற்பத்தி தொடங்கியபின், 1939இல், ஏழாவது தோட்டா சிக்குகிறது என்று புகார்கள் வந்தன. மாதிரிப் பட்டறையில் செய்த பழைய துப்பாக்கிகளிலோ அந்தத் தொல்லையே இல்லை!

இரண்டையும் ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. தோட்டாவுக்கு வழிகாட்ட உடற்பகுதியின் உட்சுவரில் ஒரு விளிம்பு உண்டு. உற்பத்திக்கு இயந்திரங்களை அமைத்தபோது, கடைசல் வேலையைச் சுலபமாக்க வெட்டுக்கருவியை நேராக ஓடவிட்டார்கள். அது விளிம்பின் ஒரு பகுதியையும் சீவிக்கொண்டு போய்விட்டது. கேரண்டின் வடிவமைப்பில் குறை இல்லை, தொழிற்சாலை அவசரம்தான் காரணம். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் இது தீராது.

செய்து முடித்தவற்றில் விளிம்பை வெல்டிங் வைத்து நிரப்பினார்கள். புதியவற்றில் வெட்டும் முறையை மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 40 லட்சம் எம்1 துப்பாக்கிகள் உருவாயின. அதற்கு மாற்றாக 1957இல் ஏற்கப்பட்ட எம்14இல் இந்தக் கிளிப் இல்லை. கழற்றி மாட்டும் 20 தோட்டா மேகசின் வந்துவிட்டது.